மீன்பாடு குறைந்த ஆண்டிலும் நாடகத்துக்குத் தேதி கொடுங்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களின் திருவிழாக் குழுவினருக்கும், கிராமத் தலைவர்களுக்கும், மீனவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், பங்குப் பேரவையினருக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரிய பெரியோர்களே,

வணக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில் உள்ள ஓர் ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாக் குழுவில் பதினொரு ஆண்டுகள் பொருளாளராக இருந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலித்து, கணக்கு எழுதி, விழா முடிந்த மறுநாள் பற்றாக்குறைக்குப் பதில் சொல்லி நின்றவன். ஆகையால், செலவின் அருமை தெரியாமல் வெளியில் நின்று புத்தி சொல்ல வந்தவனாக என்னைக் கருத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 அன்று முடிகிறது. ஆனி, ஆடித் திருவிழாக்களுக்காக நம் ஊர்களில் குழுக்கள் கூடும் நாள்களும் இவையே. கடலோரத்தின் நிலவரம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டீசல் விலையும், ஏலக்கூடத்தில் இறாலுக்கும் நண்டுக்கும் கேட்கப்படும் விலையும், இலங்கைக் கடற்படையிடம் சிக்கித் திரும்பாமல் கிடக்கும் படகுகளும், அந்தப் படகுகளை நம்பி வாங்கிய கடனும் எல்லா வீடுகளிலும் பேசப்படுபவைதாம். இத்தகைய ஆண்டில் கூட்டம் கூடியதும் முதலில் எழும் பேச்சு, "இந்த வருசம் நாடகத்த நிப்பாட்டிக்கிருவோம்" என்பதாகவே இருக்கும். அந்தப் பேச்சு எழுவதற்கு முன்பே உங்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். விழாச் செலவில் எதை வேண்டுமானாலும் குறையுங்கள். நாடகக் கலைஞருக்கும், நையாண்டி மேளத்தாருக்கும், ஒயிலாட்ட வாத்தியாருக்கும் வழக்கமாகக் கொடுத்துவரும் தேதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சம்பளத்தைப் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். தேதியே இல்லாமல் போனால் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இதை நான் எழுதக் காரணம், இதே தவற்றை நான் செய்திருக்கிறேன் என்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பக்கத்துப் படகுகள் சில பிடிபட்டு, வேலைநிறுத்தம் நீண்டு, தடைக்காலம் முடிந்தும் கடலுக்குப் போக முடியாதிருந்த ஓர் ஆனி மாதத்தில் எங்கள் குழு கூடியது. வள்ளி திருமண நாடகத்துக்குச் சித்திரையிலேயே தேதி சொல்லி அச்சாரமும் கொடுத்திருந்தோம். அதை ரத்துச் செய்வதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் தீர்மானம் எழுதும் வேலை எப்போதும் என்னிடமே வரும். அன்றும் நான்தான் எழுதினேன். கொடுத்த அச்சாரத்தைத் திரும்பப் பெறுவது என்ற வரியை, யாரும் சொல்லாமலே, பொருளாளர் என்ற பொறுப்புணர்ச்சியில் நானாகச் சேர்த்தேன்.

நான்காம் நாள், ஆர்மோனியக் கலைஞர் திருவாடானையில் பஸ் மாறி எங்கள் ஊருக்கு வந்தார். பதினெட்டு ஆண்டுகளாக எங்கள் கொட்டகையில் உட்கார்ந்து வாசித்தவர். தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தோம். "அண்ணே, பாதிச் சம்பளம் போட்டுக் குடுங்க, வேணாங்கல. தேதிய மட்டும் எடுத்துறாதீக. அதே தேதிக்கு வந்த வேற ஊர நான் திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். "அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்" என்று தலைவர் சொன்னார். அச்சாரத் தொகையை நான் எண்ணி வாங்கினேன். இருநூறு ரூபாய் குறைந்தது. அதைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, என்னுடைய பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த ஆண்டு விழாவில் கோயில் வாசலிலிருந்து முச்சந்தி வரை சீரியல் விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியை ஒரு பெட்டிகூடக் குறைக்கவில்லை. இரவு வாணவேடிக்கையும் இருந்தது. நாடகத்துக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு அந்த விளக்குக்குக் கொடுத்ததில் பாதியைத் தாண்டாது. கணக்கு நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் விளக்கைக் குறைக்கலாம் என்று ஒருவரும் பேசவில்லை. விளக்குக் குறைந்தால் பக்கத்து ஊரார் பார்த்துக் கேட்பார்கள். நாடகம் நின்றால் நாடகக்காரரைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான், சொல்லிக்கொள்ளாவிட்டாலும், எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்தது.

மறு ஆண்டு படகுகள் ஓடின. மீன்பாடும் இருந்தது. வரி தாராளமாக வசூலானதால் பழைய கலைஞர்களையே பேசிவிடலாம் என்று விசாரித்தோம். ஆர்மோனியக்காரர் பெட்டியை விற்றுவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரவுக் காவலுக்குச் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. வேறொருவர் வந்தார். குறை சொல்ல முடியாத மனிதர். ஆனால் தர்க்கத்தில் வள்ளி எடுக்கும் சுருதிக் கட்டைக்கும் நாரதர் எடுக்கும் சுருதிக் கட்டைக்கும் தாவிப் பிடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நள்ளிரவுக்குமேல் பாட்டு தள்ளாடியது. இரண்டு மணிக்கெல்லாம் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். காசு இருந்த ஆண்டில் கலை இல்லை.

வள்ளி திருமணம் போன்ற ஸ்பெஷல் நாடகம் நடக்கும் விதத்தை நினைத்துப் பார்த்தால் இது ஏன் நேர்கிறது என்பது விளங்கும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த பாடலும் வசனமும் இதற்கு அடித்தளம். ஆனால் இதில் நிலையான குழு என்று ஒன்று கிடையாது. கதாநாயகனாகிய ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். கதாநாயகியாகிய ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். கோமாளியாகிய பபூனும், அவரோடு ஆடும் டான்ஸும் இன்னோர் ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், பல வாத்தியம் வாசிக்கும் ஆல்ரவுண்டு, தாளம் ஆகிய ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி வெற்றிலை பாக்கு வைக்கிறோம். ஒத்திகை எதுவும் இல்லாமல் இரவு பத்து மணிக்கு மேடையில் சந்திப்பவர்கள், விடியும் வரை ஒரே குடும்பத்தார்போல் ஆடிப் பாடி முடிக்கிறார்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பாட்டு மறுமொழி, யார் எங்கே இழுத்துப் பாடுவார், யார் எங்கே விட்டுக்கொடுப்பார் என்பதெல்லாம் நூற்றுக்கணக்கான இரவுகள் ஒரே மேடையில் கண்விழித்ததால் வந்த பழக்கம். அது எந்த நோட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. இத்தகைய வலையில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் நெகிழ்ந்துபோகும் என்பதை வலை பின்னத் தெரிந்த உங்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கலைஞர்களுடைய வருமானமும் நம்முடையதைப் போலவே பருவத்தை நம்பியது. பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை ஓரளவு வேலை இருக்கும். அந்தச் சில மாதச் சம்பளத்தில்தான் ஐப்பசி, கார்த்திகை மழையையும், மார்கழிப் பட்டினியையும் கடக்க வேண்டும். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது பங்குனித் திருவிழாக்களுக்குப் பந்தக்கால் ஊன்றும் நேரம். 2021 மே மாதத்தில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தபோது வைகாசி வாசலில் நின்றது. அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் முழுமையாகப் போயின. பரோட்டாக் கடையில் மாவு பிசைந்த ராஜபார்ட் ஒருவரையும், வீடு வீடாக உப்பு விற்ற தவில்காரர் ஒருவரையும் நான் என் கண்ணால் பார்த்தேன். தவில்காரர் மேளத்துக்குத் திரும்பிவிட்டார். ராஜபார்ட் திரும்பவில்லை. கேட்டதற்கு, குரல் போய்விட்டது என்றார். அடுப்புப் புகையில் இரண்டு ஆண்டு நின்றால் குரல் போகத்தான் செய்யும்.

கடலோரத்து மக்களாகிய நமக்கு, ஒரு தொழிலைக் கெட்ட காலத்தில் தாங்குவது என்றால் என்னவென்று மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிறோம். 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. மீன் இனம் பெருகும் பருவத்தில் வலை விட்டால் வரும் ஆண்டுகளில் கடலில் ஒன்றும் மிஞ்சாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்த நட்டத்தை மீனவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்று சமூகம் ஒப்புக்கொண்டதால்தான் தடைக்கால நிவாரணம் வந்தது. 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான், 5,000 ரூபாயாக இருந்த அந்த நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அது போதுமா என்பது வேறு பேச்சு. அதை நாம் பிச்சையாகக் கேட்கவில்லை. கடலில் இனம் அழியாமல் காப்பதற்காக நாம் சும்மா இருக்கும் நாள்களுக்கு உரிய பங்காகக் கேட்டோம். கலைஞருக்கு வரும் தடைக்காலத்தை எந்த அரசாணையும் அறிவிப்பதில்லை. நம் கூட்டத்தில் பத்து நிமிடப் பேச்சில் அது வந்துவிடுகிறது. எப்போது முடியும் என்ற நாள் கணக்கும் அதற்கு இல்லை. கரையேற்றிய படகுக்கு அந்த 61 நாளில் பலகை மாற்றுகிறோம், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறோம், வர்ணம் அடித்துப் பெயர் எழுதுகிறோம். ஜூன் 15 அன்று அது மறுபடியும் தண்ணீரில் இறங்கும். கரையேறிப் போன ஆர்மோனியக்காரரை எங்களால் இறக்க முடியவில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. இயல் இசை நாடக மன்றம் நலிந்த முதிய கலைஞர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. இவை வேண்டியவைதாம். ஆனால் இவை முதுமைக்கும், விபத்துக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், திருமணத்துக்கும் கை கொடுப்பவை. நாற்பது வயதில் நல்ல சாரீரத்தோடு இருக்கும் ஒருவரை மேடையிலேயே வைத்திருக்க எந்த வாரியத்தாலும் இயலாது. அதை ஊர்தான் செய்ய முடியும்.

"கஞ்சிக்கே வழியில்லாதபோது கூத்து எதற்கு" என்று நம்மில் மூத்தவர் ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்கு இதே கரையில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டிய விடை இருக்கிறது. கீழக்கரை வள்ளல் சீதக்காதியை அறியாதவர் நம்மில் யாரும் இல்லை. தராசின் ஒரு தட்டில் பொன்னும் மறு தட்டில் நெல்லும் சரிக்குச் சரியாக விற்ற கொடிய பஞ்சத்தில், மற்றவர்கள் பின்வாங்கியபோதும் அன்னதானத்துக்கு மார்தட்டி நின்றவர் என்று படிக்காசுப் புலவர் அவரைப் பாடினார். பசித்தவருக்குச் சோறு போட்ட அதே கைதான் புலவர்களையும் ஆதரித்தது. உமறுப் புலவரைக் கொண்டு 5,000-க்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணம் பாடுவிக்க முன்வந்ததும் அதே கைதான். பஞ்சம் தீரட்டும், பிறகு பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருந்திருந்தால், அந்தப் பஞ்சத்தில் அவர் சோறு போட்ட செய்திகூட நம் காதுக்கு வந்திருக்காது. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிறோமே, அதை நம் வாயில் வைத்ததும் அவர் ஆதரித்த புலவர் மரபுதான்.

நம் சீமையை ஆண்ட சேதுபதிகளைப் பற்றியும் ஒரு சொல். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசச் சுவர்களில் உள்ள ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்டவை அவை. பூச்சி சீனிவாச ஐயங்கார் போன்ற சங்கீத வித்துவான் இந்த அரண்மனையை அண்டி வாழ்ந்தார். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று அதிகாரிகளை மிரட்டுவதற்கு உதாரணமாகிப் போன நம் சீமைக்கு, வித்துவான்கள் விரும்பி வந்த காலம் ஒன்று இருந்தது. 1903-இல் மறைந்த பாஸ்கர சேதுபதி கொடுத்துக் கொடுத்தே கடனாளியானவர். அந்த அளவுக்குப் போகும்படி நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அரண்மனைக் கஜானா மூடிய பிறகு, கலைஞரை யார் தாங்கினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி கொடுத்த நம் தாய் தந்தையரே தாங்கினார்கள். தலைக்கட்டு வரி நோட்டைக் கையில் வைத்திருக்கும் பொருளாளர்தான் இன்றைய சேதுபதி. அந்த நோட்டைப் பதினொரு ஆண்டுகள் சுமந்தபோது எனக்கு இது தோன்றவில்லை.

தூர தேசங்களிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வேலையிழந்திருந்த நிலையில், 1935-இல் அந்நாட்டு அரசு ஓவியர், நாடகக்காரர், இசைக்கலைஞர், எழுத்தாளர் ஆகியோருக்குத் தனித்தனித் திட்டம் வகுத்துச் சம்பளம் கொடுத்தது. சாலை போடுகிறவருக்கு வேலை கொடுப்பதுபோலவே நாடகம் போடுகிறவருக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பின்னாளில் உலகம் அறிந்த ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கும், நாடகத்திலிருந்து திரைக்குச் சென்ற ஆர்சன் வெல்ஸும் அந்தச் சம்பளத்தில் வேலை செய்தவர்கள். அயர்லாந்தில் 2022-இல் 2,000 கலைஞர்களைத் தேர்ந்து வாரம் 325 யூரோ கொடுக்கத் தொடங்கினார்கள். நம் ஊர்க் கணக்குக்கு இவை எட்டாத தொகைகள். நெருக்கடி வந்ததும் கலைஞரைக் கடைசி வரிசைக்குத் தள்ளாத ஊர்கள் உலகில் உண்டு என்பதற்காக மட்டும் இவற்றைக் குறிப்பிட்டேன்.

இனி, கலைஞருக்காக மட்டும் அன்றி, நமக்காகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வறண்ட ஆண்டில் ஊருக்குள் என்ன நடக்கிறது? கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார்கள். படகு உரிமையாளருக்கும் பங்காட்களுக்கும் மனத்தாங்கல். இலங்கைச் சிறையில் இருப்பவரின் வீட்டுப் பெண்கள் விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறார்கள். மனு எழுதுகிறோம், ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறோம். மனுவில் எழுத முடியாதது எவ்வளவோ இருக்கிறது. அதைப் பபூன்தான் மேடையில் சொல்வார். கடலில் எல்லைக் கோடு எங்கே இருக்கிறது என்று மீனிடம் வழி கேட்ட பபூன் ஒருவரை எங்கள் ஊரில் பார்த்தேன். படகு பிடிபட்டு ஆறு மாதமாக யாரோடும் பேசாதிருந்த ஒரு மனிதர் அன்று முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் காலை தேநீர்க் கடைக்கு வந்தார். அவ்வளவுதான் நடந்தது; அந்த அளவுகூட வேறு எதனாலும் நடக்கவில்லை.

அரிச்சந்திரன் மயான காண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாடு இழந்து, கடனுக்காக மனைவியையும் மகனையும் விற்று, சுடுகாட்டில் காவல் நிற்கும் அரசனின் கதை அது. வட்டிக்காரர் வாசலில் நின்றுவிட்டுப் போன அன்று இரவு அதைப் பார்க்கிறவர் கேட்கும் விதமே வேறு. மீன்பாடு நன்றாக இருக்கும் ஆண்டில் வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கத்தைக் கேட்டுக் களிக்கிறோம். கெட்ட ஆண்டில் அரிச்சந்திரனே நமக்கு வேண்டியவன். அந்த ஆண்டில் பார்த்துதான் நாம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

எங்கே குறைப்பது என்று கேட்பீர்கள். விளக்கில் குறைக்கலாம். வாணவேடிக்கையில் குறைக்கலாம். தலைவர்கள் படம் போட்ட பிளெக்ஸ் பேனரை ஓர் ஆண்டு நிறுத்தினால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஒலித்தட்டுப் பாட்டுக்கு ஆடும் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை வழக்குப் போட ஊர்கள் செலவழிக்கின்றன. அந்த வக்கீல் செலவு இருந்தால் ஒரு மிருதங்கக்காரருக்குச் சம்பளம் ஆகும். இதில் எனக்குக் கொஞ்சம் மூத்தவர்களுக்கே உரிய எரிச்சலும் கலந்திருக்கலாம், இளைஞர்கள் மன்னிக்கட்டும்.

தேதியை ஊர்களுக்கிடையே கலந்து பேசி வைத்துக்கொள்ளலாம். தொண்டியில் ஒரு நாள், நம்புதாளையில் மறுநாள், சோளியக்குடியில் அதற்கு மறுநாள் என்று அடுத்தடுத்து அமைந்தால் ஒரே கொட்டகைச் சாமானும் ஒரே மைக்செட்டும் மூன்று ஊருக்கும் போதும். கலைஞர்களின் வேன் வாடகையும் மூன்றாகப் பிரியும். சம்பளம் குறைந்தாலும் மூன்று இரவுகள் சேர்ந்து கிடைப்பதால் அவர்கள் ஒப்புக்கொள்வார்கள். இதற்கு வேண்டியது மூன்று ஊர்த் தலைவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து பேசுவதுதான். நம் ஊர்களுக்கிடையே அது எவ்வளவு கடினம் என்பது தெரியாமல் நான் எழுதவில்லை. யார் விழா முதலில் என்பதில் தொடங்கும் சண்டையை நானும் பார்த்தவன்.

கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ மீன் ஏலத்தில் மகமை என்று பொதுக் காணிக்கை எடுக்கும் ஊர்களில், நல்ல பாடு கிடைக்கும் மாதங்களில் அதிலிருந்து ஒரு சிறு பங்கைத் தனியே எழுதி வைக்கலாம். கெட்ட ஆண்டில் நாடகத்துக்கோ மேளத்துக்கோ அது கை கொடுக்கும். விழாவை நிறுத்தியே ஆக வேண்டிய நிலை வந்தால், கடலில் உயிர்ச்சேதம் நேர்ந்த ஆண்டுகளில் அப்படி நேர்வதுண்டு, அச்சாரத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். சாவு விழுந்த ஊரில் கூத்து நடக்காது என்பது கலைஞருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதற்காக அவர்கள் ஒருபோதும் வருந்தியதில்லை. பணம் கொடுக்கும்போது ஊர் முத்திரையிட்ட ரசீது ஒன்றும் கொடுங்கள். முப்பது ஆண்டு ஆடியவரிடம், தாம் ஆடினார் என்பதற்குப் பழைய நாடக நோட்டீஸைத் தவிர வேறு காகிதம் இருப்பதில்லை. உதவித்தொகைக்கு மனுப் போடும் நாளில் நம் ரசீது பேசும்.

நாடகத்தைப் பற்றியே அதிகம் எழுதிவிட்டேன். நான் அறிந்தது அது என்பதால்தான். ஏர்வாடிச் சந்தனக்கூட்டில் தாயிரா கொட்டிப் பாடும் பக்கீர்மார்களுக்கும், தேர்ப் பவனிக்கு முன்னே வாசிக்கும் பேண்டு வாத்தியக்காரருக்கும், முளைப்பாரிக்குக் கும்மி சொல்லிக் கொடுக்கும் மூதாட்டிக்கும், கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடத் தெரிந்த கடைசிச் சில பெரியவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். சாவு வீட்டுக்கு மட்டும் அழைக்கப்பட்டு, விழாவன்று ஊர் எல்லையில் நிறுத்தப்படும் பறை இசைக் கலைஞருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பணத்தோடு முடிவதில்லை. அது தனியே எழுத வேண்டிய மடல்.

கலைஞர் பக்கம் குறையே இல்லை என்று நான் வழக்காட வரவில்லை. நேரத்துக்கு வராதவர் உண்டு. குடித்துவிட்டு மேடையேறியவரை நானே இறக்கிவிட்டிருக்கிறேன். பபூன்-டான்ஸ் பேச்சில் எல்லை மீறியதால் பெண்கள் எழுந்துபோன இரவுகளும் உண்டு. அவற்றைப் பேசும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடலாம், சொன்னால் கேட்கிறார்கள். நல்ல கலைஞருக்குத் தேதி கொடுக்காமல் விட்டால் கடைசியில் மிஞ்சப்போவது இவர்கள்தாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

எங்கள் ஊர்க் குழு சென்ற வாரம் கூடியது. நான் இப்போது அதில் இல்லை; பழைய பொருளாளர் என்ற உரிமையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கணக்கு நோட்டையும் கையில் கொண்டு போயிருந்தேன். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின், சீரியல் விளக்கைக் கோயில் வளாகத்தோடு நிறுத்திக்கொள்வதென்றும், வாணவேடிக்கையை விட்டுவிடுவதென்றும், நாடகத்தை வைத்துக்கொள்வதென்றும் முடிவானது. சம்பளம் கால் பங்கு குறைத்துப் பேசியிருக்கிறார்கள், கலைஞர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். திருப்பூருக்கு நானே தொலைபேசியில் பேசினேன். லீவு கிடைத்தால் வருவதாகச் சொன்னார். பெட்டிக்கு யாரிடமாவது சொல்லி வையுங்கள் என்றார். பரமக்குடியில் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆடி இரண்டாம் வெள்ளி இரவு, அரிச்சந்திரன் மயான காண்டம். உங்கள் குழுவினர் யாரும் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். முன்வரிசையில் பாய் போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
பாக் நீரிணைக் கரையோர ஊர் ஒன்றின் முன்னாள் திருவிழாக் குழுப் பொருளாளர்